மறுகால் பாயும் நீர்



இல்லறத்தார்க்குப் பொருளீட்டல் கடமை. அக்கடமையை மேற்கொள்ள வழி தேடி நிற்கும் இளைஞர் ஒருவரை, ஒரு முறையன்று, மூன்று நான்கு முறை அழைத்துப் பேசி, நம்பிக்கையை வளர்த்து, இறுதியில் 'தாங்கள் தேர்வு பெறவில்லை' என்று கூறி அனுப்பிவிடுவது இக்காலத்தில் பல இல்லங்களில் நிகழ்வதாகும். முதல் நாளிலேயே மறுக்கப்பட்டவர் மறுநாள் எழுந்துவிடுகிறார். வாயில் வரை சென்று திரும்பியவர்க்கோ அவ்வளவு எளிதில் மனம் தேறுவதில்லை. அத்தகையோர்க்கும், அவர்தம் பெற்றோர்க்கும் பயன்படுமென்று கருதி இப்பாடம் எழுதப்படுகிறது.

1. நான்கு நேர்காணல்கள்

சென்ற தைத் திங்களில் என் தமக்கையின் மகன் பாளையங்கோட்டையிலுள்ள எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தான். திண்டிவனத்திற்கு அருகே சிற்றூர் ஒன்றில் பிறந்து, கல்விக் கடன் பெற்றுப் பொறியியல் பயின்றவன். சென்னையில் ஒரு நிறுவனம் அவனை நான்கு முறை நேர்காணலுக்கு அழைத்தது. முதலாவது தொலைபேசியில், இரண்டாவது கணினித் திரையில், மூன்றாவதும் நான்காவதும் நேரில். நான்காம் முறை, 'எந்த நாளில் வந்து சேர இயலும்?' என்றும் வினவினார்களாம். அன்று மாலையே என் தமக்கை பாயசம் செய்து அண்டை வீட்டாருக்கும் கொடுத்துவிட்டாள். பதினேழு நாட்கள் கழித்து மூன்று வரிகளில் மறுப்பு மின்னஞ்சல் வந்தது. காரணம் எதுவும் அதில் இல்லை.

எங்களுடன் தங்கியிருந்த முதல் மூன்று நாட்களும் அவன் சரியாக உண்ணவில்லை. அழைத்தால், "பசி இல்லை மாமா" என்பான். கடன் தவணை ஒருபுறம். தங்கைக்கு வரன் பார்க்கும் பேச்சு மறுபுறம். இவற்றைக் காட்டிலும், "பாயசம் வாங்கிக்கொண்டவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?" என்பதே அவன் மனத்தைப் பெரிதும் அரித்தது.

எனக்கு என் இளமை நினைவுக்கு வந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில் எழுத்துத் தேர்வும் இரண்டு நேர்காணல்களும் கடந்து, இறுதிப் பட்டியலில் என் பெயர் இல்லாமற்போயிற்று. அதனை என் தந்தையாரிடம் கூறும் துணிவு எனக்கு இல்லை. இருபது நாட்கள், 'இன்னும் கடிதம் வரவில்லை' என்று பொய்யுரைத்து, காலையில் புறப்பட்டு நூல்நிலையத்தில் அமர்ந்திருந்து மாலையில் திரும்புவேன். இருபத்தோராம் நாள் அவர், "கடிதம் வந்த அன்றே எனக்குத் தெரியும். அஞ்சல்காரர் என்னிடம்தான் முதலில் கொடுத்தார். நீ சொல்வாய் என்றுதான் காத்திருந்தேன்" என்றார். வேலை கிடைக்காத வருத்தம் ஓரிரு ஆண்டுகளில் மறைந்துவிட்டது. அந்த இருபது நாட்களும் நாங்கள் இருவரும் ஒரே கூரையின் கீழ்த் தனித்தனியே வருந்திய வருத்தம் இன்றும் மறையவில்லை. ஆகையால் மருமகனைத் தனியே விடலாகாது என்று முடிவு செய்து, நான்காம் நாள் காலையில் அவனை அழைத்துக்கொண்டு சீவலப்பேரிக்குப் பேருந்தில் சென்றேன்.

2. சீவலப்பேரி

பாளையங்கோட்டைக்கு வடகிழக்கே, குற்றால மலையிலிருந்து வரும் சிற்றாறு தாமிரபரணியுடன் கலக்கும் இடத்தில் அமைந்துள்ளது சீவலப்பேரி. முக்கூடல் என்று பழம் இலக்கியத்தில் பெயர் பெற்ற தலம் இதுவே. ஸ்ரீவல்லபன் என்னும் பாண்டிய மன்னன் பெயரால் அமைந்த 'ஸ்ரீவல்லபப் பேரேரி' என்பதே நாளடைவில் சீவலப்பேரி என மருவிற்று என்பர்.

அவ்வாண்டு மழை நன்கு பெய்திருந்தது. வழியில் ஒரு குளம் நிறைந்து, கரையின் ஒரு கோடியில் கல் கட்டிய தாழ்ந்த பகுதியின் மேலாக நீர் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. "நம் பக்கத்தில் இதை ஏரி கோடி போகிறது என்போம் மாமா" என்றான் மருமகன். அவன் தானாகப் பேசிய முதற் சொல் அது. "இங்கே மறுகால் பாய்கிறது என்பார்கள்" என்றேன்.

ஆற்றங்கரையில் அமர்ந்தபின், இந்தத் தாமிரபரணிக் கரையில் பிறந்த ஒருவரும், இராமேசுவரத்தில் பிறந்த ஒருவரும் வடநாட்டில் ஒருவரையொருவர் சந்தித்த வரலாற்றை அவனுக்குக் கூறினேன். அதனை வாசகர்களுக்கும் கூறுகிறேன்.

3. ஒன்பதாமவர்

1958ஆம் ஆண்டு. சென்னைக் குரோம்பேட்டையிலுள்ள தொழில்நுட்பக் கல்லூரியில் விமானப் பொறியியல் பயின்று, பெங்களூரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் பயிற்சி முடித்த இளைஞர் ஒருவர் இரண்டு வேலைகளுக்கு விண்ணப்பித்தார். ஒன்று, இந்திய விமானப்படையில். மற்றொன்று, பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்ப வளர்ச்சி மற்றும் உற்பத்தி இயக்ககத்தில். இரண்டிலிருந்தும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நேர்காணல் அழைப்பு வந்தது. அவர் பெயர் ஆவுல் பக்கீர் ஜைனுலாப்தீன் அப்துல் கலாம்.

அவர் கல்லூரியிற் சேரப் பணம் இல்லாதபோது, தமக்கை சோகரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். ஆகவே அந்த இளைஞர் தமக்காக மட்டும் வேலை தேடவில்லை என்பது தெளிவு. அவர் உள்ளம் விரும்பியதோ வானில் பறப்பதை. தில்லியில் நடைபெற்ற நேர்காணல் எளிதாகவே முடிந்தது. பின்னர் டேராடூனுக்குச் சென்று விமானப்படைத் தேர்வுக் குழுவின் முன் நின்றார். அங்கே கல்வியறிவைக் காட்டிலும் ஆளுமைத் தோற்றத்திற்கே முதன்மை அளிக்கப்பட்டதென்று அவர் பிற்காலத்தில் எழுதியுள்ளார். ஆராயப்பட்டவர் 25 பேர். எடுத்துக்கொள்ளப்பட வேண்டியவர் 8 பேர். கலாம் பெற்ற இடம் ஒன்பது.

எண்ணிப் பாருங்கள். பதினாறு பேரைக் காட்டிலும் அவர் முன் நின்றார். ஆயினும் ஊருக்குத் திரும்பும்போது அவருக்கும் இருபத்தைந்தாம் இடத்தவருக்கும் ஒரே விடைதான் கிடைத்தது. 

நெஞ்சம் நொந்த கலாம் அங்கிருந்து ரிஷிகேசத்திற்குச் சென்றார். கங்கையில் நீராடி, சிவானந்த ஆசிரமத்தை அடைந்து, சுவாமி சிவானந்தரைக் கண்டார். அந்தச் சுவாமி நம் பத்தமடைக்காரர். சேரன்மாதேவிக்கு அருகே, கோரைப் பாய்க்குப் பேர்பெற்ற பத்தமடையில் 1887ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் குப்புசாமி என்ற பெயருடன் பிறந்தவர். தஞ்சையில் மருத்துவம் கற்று, 1913 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் மலேயாவில் மருத்துவராய்ப் பணியாற்றி, பின்னர் அனைத்தையும் விட்டு இமயமலைச் சாரலை அடைந்து 1924இல் துறவு பூண்டவர்.

வந்தவர் தம்மை இசுலாமியர் என்று அறிவித்துக்கொண்டபோது சுவாமியின் முகத்தில் எந்த மாறுதலும் தோன்றவில்லை. அவர் முதலில் கேட்டது, 'உன் துயரத்திற்குக் காரணம் என்ன?' என்பதையே. தான் துயருற்றிருப்பதை அவர் எவ்வாறு அறிந்தார் என்று கலாம் வியந்தாராம். நடந்ததை முழுவதும் கேட்டபின், விமானப்படை வீரனாவது உனக்கு விதிக்கப்பட்டதன்று, இத்தோல்வியை மறந்து உனக்குரிய பாதையைத் தேடு என்ற கருத்துப்படச் சுவாமி அறிவுரை கூறினார். 1999இல் வெளிவந்த 'அக்கினிச் சிறகுகள்' என்னும் தன்வரலாற்றில் கலாம் இந்நிகழ்ச்சியை விரிவாக எழுதியிருக்கிறார்.

இதன்பின் அவர் செய்ததுதான் நாம் கற்க வேண்டிய பாடம். அவர் விதி என்று சொல்லி ஆசிரமத்திலேயே அமர்ந்துவிடவில்லை. வீட்டுக்குச் சென்று கதவை அடைத்துக்கொள்ளவும் இல்லை. நேரே தில்லிக்குச் சென்று, தாம் பெரிதாக மதியாத அந்த மற்றொரு நேர்காணலின் முடிவு என்ன என்று விசாரித்தார். விடையாக, பணி ஆணையையே அவர் கையில் கொடுத்தார்கள். மறுநாளே முதுநிலை அறிவியல் உதவியாளராகச் சேர்ந்தார். அடிப்படை ஊதியம் மாதம் 250 ரூபாய்.

4. எந்தப் பகுதி நமக்கு?

பிற்காலத்தில் அவர் விண்வெளித் துறையில் எஸ்.எல்.வி.-3 திட்டத்தை நடத்தியதையும், 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவராய் விளங்கியதையும், அப்பதவியின் வழியே விமானப்படை உள்ளிட்ட முப்படைகளுக்கும் தலைமை பூண்டதையும், 2006 ஜூன் 8ஆம் நாள், தமது 74ஆம் வயதில், பூனாவில் சுகோய்-30 போர் விமானத்தில் பறந்ததையும் எல்லோரும் அறிவர். மேடைகளில் இப்பகுதியையே விரும்பிக் கூறுவர். என் மருமகனும், "அவர் கலாம் மாமா. நான் யார்?" என்றுதான் கேட்டான்.

அவன் கேட்டது நியாயமே. மறுக்கப்பட்டவர் அனைவரும் குடியரசுத் தலைவர் ஆவதில்லை. எனவே நாம் பற்றிக்கொள்ள வேண்டிய பகுதி 2002 அன்று, 1958. சுகோய் விமானம் அன்று. 250 ரூபாய் வேலை. டேராடூனில் ஒன்பதாம் இடம் பெற்ற அதே மனிதரைத்தான் தில்லி வேண்டுமென்று எடுத்துக்கொண்டது. அந்தச் சில நாட்களுக்குள் அவர் அறிவு கூடவுமில்லை, குறையவுமில்லை. ஓரிடத்தில் இடம் நிறைந்துவிட்டது; மற்றோரிடத்தில் இடம் இருந்தது.

"வழியில் பார்த்த குளம் ஏன் நீரை வெளியே விட்டது?" என்று கேட்டேன். "நிறைந்துவிட்டது" என்றான். "வெளியேறிய நீர் கெட்ட நீரா?" சற்று நேரம் பேசாதிருந்து, "இல்லை. அடுத்த குளத்துக்குப் போகிறது" என்றான். எட்டுப் பேர் கொள்ளும் குளத்தில் ஒன்பதாமவர் மறுகால் நீர். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நீர் பள்ளம் கண்டு தானே பாயும். மனிதன் எழுந்து நடந்து சென்று அடுத்த வாயிலில் கேட்க வேண்டும்.

5. நேர்காணல் என்னும் அளவுகோல்

நேர்காணல் ஒருவருடைய முழுத் தகுதியையும் அளக்கும் துலாக்கோல் அன்று என்பதை அதனை நடத்துவோரே அறிவர். அமெரிக்க உளவியலாளர்களான ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர் ஆகியோர் 85 ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். எல்லோரிடமும் ஒரே வினாக்களை ஒரே முறையில் கேட்டு மதிப்பிடும் நேர்காணல், மனம்போனவாறு உரையாடும் நேர்காணலைக் காட்டிலும் ஒருவரின் பின்னாளைய பணித்திறனை நன்கு காட்டும் என்பதும், எந்த ஒரு தேர்வு முறையும் பிழையற்றதன்று என்பதும் அதனால் விளங்கும்.

நம் நாட்டிலும் மைய அரசின் 'சி' பிரிவுப் பணிகளுக்கும், அரசிதழ்ப் பதிவு பெறாத 'பி' பிரிவுப் பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்காணல் நீக்கப்பட்டது. குடிமைப் பணித் தேர்வின் இறுதிக் கட்டத்தில் மொத்தம் 2025 மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வுக்கு 1750, நேர்காணலுக்கு 275. அந்த நேர்காணல் வரை சென்று இடம் பெறாதோர் தகுதியற்றோர் அல்லர் என்பதை உணர்ந்தே, அவர்கள் இசைந்தால் அவர்தம் விவரங்களைப் பிற நிறுவனங்கள் கண்டு வேலை தர வழிசெய்யும் திட்டத்தை மத்தியத் தேர்வாணையம் 2018இல் தொடங்கியது. 2025இல் அது 'பிரதிபா சேது' என்று பெயர் பெற்றது. மறுகால் நீரை அடுத்த குளத்திற்குக் கொண்டுசேர்க்க வெட்டிய வாய்க்கால் என்றே இதனைக் கூறலாம்.

6. நாம் அறிந்த ஒரு சொல்

நம் இல்லங்களில் பெரியோர் வாயிலாகக் கேட்டு வரும் இருபத்திரண்டு பரீஷகங்களுள் ஒன்று 'அலாபம்' என்பதை வாசகர் அறிவர். உணவு வேண்டிச் சென்ற துறவி, கிடைக்காது திரும்பும்போதும் மனம் திரியாதிருத்தல் அது. ஆதிநாதர் பல திங்கள் ஊர் ஊராய்ச் சென்றும் ஆகாரம் பெறாததற்குக் காரணம், எதிர்கொண்டவர்க்கு எதனை எவ்வாறு அளிப்பது என்பது தெரியாமையே. அவர்கள் மணியும் பொன்னும் யானையும் கொணர்ந்து நின்றனர். அஸ்தினாபுரத்தில் சிரேயாம்ச மன்னன் அறிந்து கருப்பஞ்சாறு அளித்த நாளை நாம் இன்றும் போற்றுகிறோம். துறவியர்க்குரிய உறுதியை இல்லறத்து இளைஞரிடம் எதிர்பார்த்தல் முறையன்று. எனினும், கிடைக்காமை வேறு, தகுதியின்மை வேறு என்னும் தெளிவை இதனின்று அவரும் பெறலாம்.

7. செய்யத்தக்கன

மறுப்புப் பெற்ற இளைஞர்க்குச் சில கூறுவேன்.

முதலாவது, அன்றே வீட்டாரிடம் கூறிவிடுக. மறைக்கப்பட்ட தோல்வி நாள்தோறும் வளரும்.

இரண்டாவது, ஓரிரு நாட்கள் வருந்துதல் இயல்பு, அதற்கு நாணற்க. அதன்பின் நேர்காணலில் கேட்கப்பட்ட வினாக்களையும், தாம் அளித்த விடைகளையும் நினைவுள்ளவரை ஓர் ஏட்டில் எழுதுக. குளம் நிறைந்ததால் மட்டுமே எப்போதும் மறுக்கப்படுவதில்லை. சில வேளைகளில் குறை நம்மிடமும் இருக்கும். எழுதிப் பார்த்தால் இரண்டையும் பிரித்தறியலாம். திருத்தத்தக்கதைத் திருத்துக, திருத்த இயலாததைச் சுமவற்க.

மூன்றாவது, எக்காரணத்தால் தேர்வு பெறவில்லை என்று பணிவுடன் ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம். விடை வந்தால் நன்று, வராவிடினும் இழப்பில்லை.

நான்காவது, ஒரே வாயிலை நோக்கிக் காத்திருத்தல் ஆகாது. ஓரிடத்தில் மூன்றாம் நேர்காணல் நடக்கும்போதே வேறோரிடத்தில் விண்ணப்பம் சென்றிருத்தல் வேண்டும். கலாமுக்குத் தில்லியில் ஆணை காத்திருந்தமைக்குக் காரணம், அவர் முன்னமே இரண்டு விண்ணப்பங்களை அனுப்பியிருந்ததுதான்.

ஐந்தாவது, 'இத்தனை ரூபாய் கொடுத்தால் அதே வேலையை வாங்கித் தருகிறேன்' என்று வருவோரை வீட்டு வாயிலிலேயே நிறுத்துக. மனம் நொந்தவரை நாடியே அத்தகையோர் வருவர். இருந்த நகையும் நிலமும் அவ்வழியே போய்விட்டால் துயர் இரட்டிப்பாகும்.

பெற்றோர்க்கும் ஒன்று உண்டு. ஆணை கைக்கு வருமுன் பாயசம் வேண்டாம். மறுப்பு வந்தபின் ஒப்பீடு வேண்டாம். 'அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்ததே' என்ற ஒரு சொல், மூன்று வரி மின்னஞ்சலினும் கொடியது. பத்தமடைச் சுவாமி முன்பின் அறியாத ஓர் இளைஞரிடம் கேட்ட கேள்வியைத் தம் பிள்ளையிடம் கேட்டால் போதும்.

8. கற்படுக்கை

திரும்பும் முன், சீவலப்பேரிக்கு அருகிலுள்ள மற்றோர் ஊருக்கும் சென்றோம். அதன் பெயரே மறுகால்தலை. அங்கே பூவிலுடையார் மலை என்னும் சிறு குன்றில் இயற்கையாய் அமைந்த குகைத்தளமும், தரையில் வெட்டிய கற்படுக்கைகளும், பாறையில் தமிழிக் கல்வெட்டும் உள்ளன. கி.மு. நூற்றாண்டுகளைச் சார்ந்தது என்று அறிஞர் கருதும் அக்கல்வெட்டு, வெண்காசிபன் என்பான் அப்படுக்கையைச் செய்து கொடுத்தான் எனத் தெரிவிக்கிறது. தங்கியிருந்த துறவியரின் பெயர் அதில் இல்லை. நடந்து களைத்து வந்தவர்க்கு இளைப்பாற இடம் தந்தவன் பெயர் மட்டும் இரண்டாயிரம் ஆண்டுகளாய் நிற்கிறது. இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கின் மிகப் பழைய எழுத்துகளுள் ஒன்று அறிவிக்கும் செய்தி இதுவே.

மறுக்கப்பட்டுத் திரும்பும் பிள்ளைக்கு வீடு அத்தகைய படுக்கையாக இருத்தல் வேண்டும். அதிலேயே அவன் கிடந்துவிடவும் கூடாது. இளைப்பாறாமல் ஓடவும் கூடாது.

அன்றிரவு மருமகன் தன் தாயாருக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் கூறினான். மறுநாள் காலை உணவுக்கு அவனே வந்து அமர்ந்தான். அதன்பின் ஆறு இடங்களுக்கு விண்ணப்பித்து, இரண்டில் மறுக்கப்பட்டு, இப்போது ஒரு சிறு தொழிற்சாலையில் பணியாற்றுகிறான். ஊதியம் முதலில் எண்ணியதைவிடக் குறைவுதான். கடன் தவணை தவறாமல் செல்கிறது.

குடும்பத்தாருடன் அமர்ந்து சிந்திக்கச் சில வினாக்கள்

1. எட்டாமவருக்கும் ஒன்பதாமவருக்கும் உள்ள வேறுபாடு யாது? அதனைக் கொண்டு ஒருவரின் தகுதியை முழுதும் கூற இயலுமா?

2. விதி என்று ஏற்றுக்கொள்வதற்கும் முயற்சியைக் கைவிடுவதற்கும் உள்ள வேற்றுமையைக் கலாமின் செயலால் விளக்குக.

3. நம் வீட்டில் ஒருவர் தம் தோல்வியை மறைத்ததுண்டா? மறைக்க நேர்ந்தது ஏன்?

4. இவ்வாரம் நம் உறவினருள் வேலை தேடிக் களைத்திருக்கும் ஒருவரிடம் நாம் முதலிற் கேட்கத்தக்க கேள்வி யாது?